பயிற்சி கொடுப்பவர் யார்? – திண்டுக்கல் ஒப்பந்தமும் ஆலைக்குள் சாதியும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குப் பஞ்சாலையை எடுத்துக்கொண்டோம். இலக்கிய மேடையில் ஆலைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் வேடசந்தூர்ச் சாலையில் ஆலை வண்டிக்காக நிற்கும் பெண்களில் எத்தனை பேர் நம் காலனிப் பெண்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலைசெய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். மாதக்கணக்கில் தொல்லை இருந்தது, தடுக்க வழியில்லாமல் தவித்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரில் நடந்த நீதிப் போராட்டத்தை இந்த அரங்கில் அறியாதவர் இருக்கமாட்டார்.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. பத்துப் பேருக்குக் குறையாத எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராக வேண்டும். விழிப்புணர்வுப் பயிற்சியும் கட்டாயம். ஆனால் பயிற்சி என்று நாம் பொதுவாகக் காண்பது என்ன? ஷிப்டுக்கு நடுவே அரைமணி நேரம், ஒரு படக்காட்சி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. "வாடி, போடி" என்று லைனில் கத்துகிறவரும் அதே வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். நாளை அவர் மீறினால் என்ன ஆகும் என்பது மட்டும் அந்தப் படத்தில் வராது.

கொலைக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆசியத் தளக் கூலிக் கூட்டமைப்பும் ஒரு சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்பும் உடன் நின்றன. எச் அண்ட் எம் தனியே சட்டப்படி கட்டுப்பட்டது. கேப், பிவிஎச் பின்னர் சேர்ந்தன. உலகம் இதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர் தொழிலாளர் உரிமை வரலாற்றிலும் ஏறியது.

இதில் நாம் நிறுத்திப் படிக்க வேண்டியவை உண்டு. பாலினத்தோடு சாதியும், வெளியூர்க்காரர் என்பதும் பாகுபாட்டுக் காரணங்களாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டன. 2013 சட்டத்தின் பாலியல் துன்புறுத்தல் வரையறையில் சாதி என்ற சொல்லே இல்லை. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒரு பெண் தளக் கண்காணிப்பாளர். அவர்களுக்குப் பயிற்சி தருவது சங்கம். கூடவே நிர்வாகத்துக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி உண்டு. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால், ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பயிற்சியில் கேட்டது முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு இதுதான் காரணம். முதல் ஆண்டு அறிக்கைப்படி 185 குறைகள் சொல்லப்பட்டு 182 தீர்க்கப்பட்டன. புகார் பெருகினால் ஆலை கெட்டது என்று நிர்வாகிகள் பயப்படுவார்கள். எங்களுக்கு அந்த 185தான் நம்பிக்கை தருகிறது. முன்பு சொல்லத் துணியாதவர்கள் இப்போது சொன்னார்கள்.

சாதியைப் பெயர் சொல்லி எழுதியது ஏன் முக்கியம்? பம்பாய்ப் பஞ்சாலைகளை நினைத்துப் பாருங்கள். அறுந்த நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் தீட்டாகிவிடும் என்று தலித்துகளை நெசவுப் பிரிவில் சேர்க்கவில்லை. கூலி அங்கேதான் அதிகம். தடுத்தவர்களில் சக தொழிலாளர்களும் இருந்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்களிடமே கேள்வியாக வைத்தார். 'தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தீட்டு ஒளிந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். 'மரியாதையான பணியிடம்' என்ற சொல்லும் அப்படித்தான். யாருக்கு மரியாதை என்று கேட்காமல் அதை வாங்கிக்கொள்ளக் கூடாது.

எல்லையையும் சொல்லிவிடுகிறோம். ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் சில ஆலைகளுக்குத்தான். வெளிநாட்டுப் பெயர்ப்பலகை எதுவும் இல்லாத நூற்பாலைகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் முதலாளியை எந்த எச் அண்ட் எம் கட்டுப்படுத்தும்? அங்கே நமக்கு இருப்பது 2013 சட்டம் மட்டுமே.

அந்தச் சட்டத்தில் யாரும் பெரிதாகத் தொடாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு உள்ளகக் குழுவும் ஆண்டறிக்கையை முதலாளிக்கு மட்டுமல்ல, மாவட்ட அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். புகாரின் விவரம் ரகசியம், எண்ணிக்கை ரகசியமல்ல. எத்தனை ஆலைகள் சென்ற ஆண்டு அறிக்கை அனுப்பின, முதலாளி மீதே புகார் என்றால் போக வேண்டிய மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவ நண்பர்களுக்கு மனு மாதிரி வாசலில் வைத்திருக்கிறோம். கட்டணம் பத்து ரூபாய்.