தொட்டி நிறைய வாயு, ஆனாலும் சுடர் தளர்கிறது

அமெரிக்கக் கிராமப்புற வீடுகள் பலவற்றில் அறைச் சூடேற்றி, வெந்நீர்க் கலன், அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாமே வெளியே நிற்கும் ஒரே புரொப்பேன் தொட்டியை நம்பியிருக்கும். தொட்டிதான் பெரிதாயிற்றே, இன்னொரு கருவியைச் சேர்த்தால் என்ன என்று தோன்றும். சிக்கல் கொள்ளளவில் இல்லை, வேகத்தில். உள்ளே இருப்பது திரவம். மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே அது கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கொதிக்க வெப்பம் வேண்டுமே! அது வெளிக்காற்றிலிருந்து, திரவம் தொட்டிருக்கும் எஃகுச் சுவர் வழியாகத்தான் வரவேண்டும். கடுங்குளிரில், அதுவும் தொட்டி காலியாகிவரும் நாளில், அந்த வரத்து குறைகிறது. சூடேற்றியோ அப்போதுதான் ஓயாமல் எரிகிறது. அழுத்தம் சரிகிறது. இன்னும் பெரிய தொட்டி வைத்தால் தீராதா? பாதிதான் தீரும். குழாய் ஒல்லியாக இருந்தால், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் கடைசியிலுள்ள அடுப்பு தளர்ந்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால் எவ்வளவு வாயு வேண்டும் என்று கூட்டிப் பார்த்தே ரெகுலேட்டரையும் குழாயையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.