தவறான தட்டை உருவிய அனுபவம்

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளியில் நான்கு ஹார்டு டிஸ்க் பொருத்திய சேமிப்புப் பெட்டி ஒன்று இருந்தது. மாணவர்களின் பேச்சுப் பதிவுகள், கண்காட்சிப் படங்கள், நாங்கள் தயாரித்த வினாத்தாள்கள் என மூன்றாண்டு உழைப்பு அதில் இருந்தது. ஒருநாள் 'டிஸ்க் 2 பழுது' என்று திரை காட்டியது. இடமிருந்து இரண்டாவதை உருவினேன். அந்தப் பெட்டியோ 0 முதல் எண்ணுவது, பழுதானது மூன்றாவது! பதற்றத்தில் திரை கேட்டதற்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தினேன். பெட்டி தன்னைப் புதிதாக அமைத்துக்கொண்டது. எல்லாம் போயிற்று. "என் பேச்சு எங்கே சார்?" என்று கேட்ட எட்டாம் வகுப்பு மாணவிக்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பின்தான் இதைப் படித்தேன். இது 'ரெய்டு' முறை. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் ஒரு கட்டுரையில் விளக்கியது. அதில் 'ரெய்டு 5' என்ற வகையை வகுப்பறைக் கணக்காகச் சொல்கிறேன். 4, 7, 5 ஆகிய எண்களோடு கூட்டுத்தொகை 16ஐயும் எழுதுங்கள். ஒன்றை அழித்தால் மற்ற மூன்றிலிருந்து கண்டுபிடிக்கலாம். இரண்டை அழித்தால் முடியாது. பெட்டி செய்வது இருமக் கணக்கு, தத்துவம் இதுவே. ஒன்று பழுதாகியிருந்தபோது நல்லது ஒன்றையும் நான் உருவிவிட்டேன்.

எனவே பழுது தெரிந்ததும் முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு திரையில் தெரியும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் உள்ள டிஸ்க்கை மட்டும் எடுங்கள். ஓடும்போதே மாற்றும் வசதி இல்லாத பெட்டியை முறைப்படி அணைத்த பிறகே தொட வேண்டும். வசதி இருந்தால், சற்று இழுத்து, உள்ளே சுழலும் தட்டு நிற்கச் சில விநாடிகள் பொறுத்து உருவுங்கள். புதியது பழையதன் கொள்ளளவுக்குக் குறையக் கூடாது.

அடுத்து மறுகட்டமைப்பு. பெரிய டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மற்ற டிஸ்க்குகள் முழுவதும் படிக்கப்படும் நேரம் அது; அவையும் பழையவை என்றால் இன்னொன்று பழுதாகும் அபாயம் உண்டு. யுபிஎஸ் இணைப்பு இருக்கட்டும். வேறெந்த டிஸ்க்கையும் தொடாதீர்கள். திரை 'புதிதாக அமைக்கவா?' என்று கேட்டால் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரை அழையுங்கள். கழற்றிய டிஸ்க்கில் மாணவர் விவரங்கள் இருக்கும். அப்படியே பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரெய்டு, நகலுக்கு மாற்று அல்ல. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு அதை மீட்டுத் தராது.

பள்ளிக்குத் திரும்பியதும், பெட்டி நன்றாக இருக்கும்போதே, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் அதன் முகப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். கால் மணி நேர வேலைதான். அந்த மாணவி அடுத்த ஆண்டும் பேசினாள். அந்தப் பதிவு இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறது.