வரியும் ஒரு கடனே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஜனாஸா தொழுகைக்கு முன், ‘மய்யித்திற்குக் கொடுக்கல் வாங்கல் இருப்பின் வாரிசுகளை அணுகிக்கொள்ளுங்கள்’ என்று அறிவிக்கிறோம். நபி (ஸல்) அவர்களும் ஜனாஸா கொண்டுவரப்பட்டால் கடன் உண்டா என்று வினவியிருக்கிறார்கள். அறிவிப்பைக் கேட்டுக் கடைக்காரர் வருவார், கைமாற்றுக் கொடுத்தவர் வருவார். பாக்கி வர வேண்டிய இன்னோர் இடம் உண்டு. அது அந்த ஸஃப்பில் நிற்பதில்லை. அதுதான் நகராட்சி.

‘ஸகாத் கொடுக்கிறோமே, வீட்டு வரி எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஸகாத் வேறு, வரி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் பயன்படுத்திக்கொண்டு அதற்குரியதைக் கொடுக்காமலிருப்பது எந்த வகையில் நியாயம்?

சொத்து வரி ஆண்டுக்கு இரு தவணை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் முதல் முப்பது நாட்களுக்குள் செலுத்துவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு; உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு கடந்தும் செலுத்தாவிடில் மாதம் 1 சதவீத வட்டி ஏறுகிறது. வட்டியைக் கண்டு ஓட வேண்டிய நாம், சோம்பலினால் அதை நாமே வீட்டுக்கு அழைத்து வருகிறோம்!

2022ஆம் ஆண்டு வரி உயர்த்தப்பட்டபோது நம்மவர்கள் வருந்தியதை அறிவேன். சென்னையின் மையப் பகுதி நீங்கலாக, குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதமும் உயர்ந்தது. சுமைதான். அளவு தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தால் மனுச் செய்து முறையிட வழி உண்டு. முறையிடுவது வேறு, கட்டாமலே இருந்துவிடுவது வேறு.

பள்ளிவாசல் கட்டிடத்திற்கு வரிவிலக்கு உண்டு. பள்ளிக்குச் சொந்தமான வாடகைக் கடைகளுக்கு அவ்விலக்கு இல்லை என்பதை நிர்வாகிகளும் மனதில் கொள்ள வேண்டும்.

இனி, வாப்பா மவ்த்தாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் அவர் பெயரிலேயே வரி ரசீது வரும் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவர் வளைகுடாவில், இளையவர் சென்னையில். ‘அவன் கட்டுவான்’ என்று இவரும், ‘இவர் கட்டுவார்’ என்று அவரும் இருக்க, பாக்கி வளர்கிறது. அடக்கச் செலவுக்குப் பின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. சூரா நிஸாவின் 11ஆம் வசனத்தை ஓதியவர்கள் இதை அறிவார்கள். அந்தக் கடனில் வரிப் பாக்கியும் அடங்கும்.

சகோதரிகளும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரிசுகளில் ஒருவர் வரி ரசீதில் தம் பெயரை ஏற்றிக்கொண்டதனால் மட்டும் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது. உங்கள் பங்கு அப்படியேதான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் எல்லா வாரிசுகளின் சம்மதத்தோடும் பெயர் மாற்றுவதே முறை.

வண்டி விஷயத்திலும் இதே அலட்சியம். பயணம் புறப்படும் அவசரத்தில் படிவம் 29, 30இல் வெறுமனே கையெழுத்திட்டு, சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. வாங்கியவர் இன்ஷூரன்ஸ் கட்டாமல் ஒருவரை மோதிவிட்டால், வண்டியைக் கண்ணால் காணாத உங்கள் மீது இழப்பீடு விழும். உரிமையாளர் மவ்த்தாகிவிட்டால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் வாரிசு விண்ணப்பிக்க வேண்டும்.

வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்து வண்டியைப் பதிவு செய்கிறார்களே, அது வரி மிச்சமல்ல. எழுத்தில் சொல்லப்பட்ட பொய். உண்மையில் அங்கு வசித்து, பின்னர் இங்கு வந்தவர் கதை வேறு. அவரும் 12 மாதங்களுக்கு மேல் இங்கு ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

ஜனாஸா அறிவிப்பைக் கேட்கும் வாரிசுகள், கடைக்காரரிடம் விசாரிப்பதோடு நகராட்சியின் வரிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத முதியவர்களுக்கும் இத்தாவில் இருக்கும் சகோதரிகளுக்கும் நம் இளைஞர்கள் வீடு தேடிச் சென்று உதவ வேண்டும்.