குறைமாதக் குழந்தைகளும் நல்ல கிருமிகளும்
(திருவட்டாறில் ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்கும் நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



குறைமாதக் குழந்தைகளின் குடலைக் காக்கும் "நல்ல கிருமி" மருந்து வாங்கக் காணிக்கை தரலாமா என்று உங்களில் சிலர் எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை பால் குடித்துத் தேறி வரும். திடீரென ஒரு நாள் வயிறு உப்பும், பச்சையாய்க் கக்கும், மலத்தில் இரத்தம் தெரியும். குடலின் சுவர் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டர்கள் பாலை நிறுத்தி, நரம்பு வழியே மருந்து ஏற்றுகிறார்கள். குடலில் ஓட்டை விழுந்தால் ஆபரேஷன். அப்படியும் இழந்த பிள்ளைகளின் தாய்மாரோடு நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேளையில் ஜெபிக்க வார்த்தை வருவதில்லை.

உறைமோரில் இருக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த சிலவற்றைப் பாலில் கலந்து கொடுத்தால், அவை குடலில் இடம்பிடித்து, கெட்ட கிருமிகளைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. கொல்கத்தாவில் 186 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கு இந்நோய் வந்தது. பெற்றவர்களில் ஐந்தாறு பேருக்கே. புளித்தமா உவமையைப் பிரசங்கிக்கிற எங்களுக்கு இது அவ்வளவு ஆச்சரியமில்லை!

ஆனால் எல்லாப் பாக்கெட்டும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் வேறொரு கிருமியை 1,300-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள்; பலனில்லை என்று 2015-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் 2014-இல் இப்படிப்பட்ட பொடியில் பூஞ்சை கலந்திருந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்தது. 2023-இல் அந்நாட்டு மருந்துத் துறை டாக்டர்களை எச்சரித்தது. ஆகவே வீட்டில் யாரும் தயிரையோ மோரையோ பிள்ளை நாக்கில் தொட்டு வைக்காதேயுங்கள். எதைக் கொடுப்பது, எவருக்குக் கொடுப்பது என்பதை டாக்டர்கள் தீர்மானிக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதையும் கவனியுங்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்து, தாய்ப்பால் பெறும் பிள்ளைகளுக்கே இதை யோசிக்கலாம் என்றது. பால்தான் முதல். புட்டிப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்கே இந்நோய் அதிகம் வருகிறது.

பால் வர வேண்டுமானால் தாய் பக்கத்தில் இருக்க வேண்டாமா? மூன்றாம் நாள் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ரப்பர் தொழிலாளியின் மனைவி, பச்சை உடம்போடு குலசேகரத்திலிருந்து தினமும் பஸ் ஏறுவாளா? இரண்டு மணிக்கூறுக்கு ஒருமுறை பால் பீய்ச்ச வேண்டுமே!

ஆதலால் எங்கள் விண்ணப்பம் இதுதான். பொடி வாங்கும் பணத்தை முதலில் தாய்மார் தங்கும் அறைக்குத் தாருங்கள்: கட்டில்கள், பாலை வைக்க ஒரு ஃபிரிட்ஜ், மூன்று நேரச் சாப்பாடு. உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் மாதத்தில் ஒரு வாரம் கஞ்சியும் பயறும் பொறுப்பெடுத்தாலும் போதும். கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள்.