போற்றி மறுத்தல்

ஹுசேன் சாகர்க் கரையில் சிலையாய் நிற்கும் அல்லூரி சீதாராம ராஜு, 1922-இல் ரம்பாக் கிளர்ச்சியைத் தொடங்கி 1924-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். காந்தியடிகள் 1929-இல் ‘யங் இந்தியா’ இதழில் அவரைப் பற்றி எழுதுங்கால், ஆயுத வழியை மறுத்தார்; ஆனால் அவ்விளைஞரின் துணிவையும் எளிமையையும் வணங்கினார். அத்துணிவை அறவழிக்குத் திருப்புமாறு இளைஞரை வேண்டினார்.

வீரரை இகழ்ந்திருப்பின், அவரை நேசிப்போர் செவியை மூடியிருப்பர். வணங்குபவர் மறுப்புக்கோ செவி திறக்கும். ஆயினும், கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. குணத்தைப் போற்றுங்கால் காரணத்தை மறவோமாக! 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் மலைமக்களின் காட்டுரிமையைக் குறுக்கியதன்றோ?

திரையில் இவ்வீரரைக் கண்டு ஆர்ப்பரிக்கும் நம் பிள்ளைகளுக்கு, போற்றுவோர் சொல்லையும் மறுப்போர் சொல்லையும் எடையிட்டறியப் பயிற்றுவோமாக!