துண்டுத் துணியும் கைத்தையலும்

(குந்தாரப்பள்ளியில் நடைபெற்ற விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



தைத்தபின் எஞ்சும் துண்டுத் துணிகளால் போர்வை தைப்பதைப் பற்றிப் பேச விழைகிறேன். தறியிலிருந்து வரும் துணி நேர்கோடுகளால் ஆனது. மனித உடலோ வளைவுகளால் ஆனது. கழுத்துக்கும் கைக்கும் வளைத்து வெட்டும்போது துண்டுகள் விழுந்தே தீரும். தேர்ந்த தையற்கலைஞராலும் அதனை முற்றிலும் தவிர்க்க இயலாது.

பெரிய ஆலைகளின் கழிவுக்கு வழி உண்டு. திருப்பூர்ப் பகுதியில் பின்னலாடைத் துண்டுகளை மீண்டும் பஞ்சாக்கி நூல் நூற்கிறார்கள். 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் இயந்திரங்களைத் துடைக்கவும் அவை விற்கப்படுகின்றன. சிறு தையற்கடையில் சேரும் ஒரு பைத் துணியைத் தேடி எவரும் வருவதில்லை. அது குப்பையோடு சேர்ந்து எரிகிறது. அதில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் அப்புகை கண்ணையும் மூச்சையும் வருத்துகிறது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர் இது. பழந்துணிகளை ஒட்டித் தைத்த போர்வையைக் கன்னடர் 'கௌதி' என்பர். தெலுங்கர் 'பொந்த' என்பர். வங்காளத்தில் அது 'காந்தா'. வடமொழியின் 'கந்தா' என்ற சொல்லோடு உறவுடையதே நம் 'கந்தை'. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றது நம் பழமொழி. கட்ட இயலாத அளவுக்கு நைந்தபின் அதனை அடுக்கித் தைத்துப் போர்த்தினார்கள் நம் நாட்டுப் பெண்கள்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் காடுகளை ஒட்டிச் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அப்பெண்கள் தைக்கும் 'கவந்தி' தனிச்சிறப்புடையது. ஒரு பழம்புடைவையை அடித்தளமாக விரித்து, ஓரத்தில் தொடங்கித் துண்டுகளை வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணியால் 'பூ' வைத்தால்தான் போர்வை நிறைவுபெறும்.

கடல் கடந்த ஒரு சான்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள கருப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த ஆடைகளால் போர்வை தைத்தனர். 1966இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்துத் தங்கள் தையலை விற்கத் தொடங்கினர். பின்னர் ஒரு பெருநிறுவனத்திற்குத் தலையணை உறை தைத்தபோது எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளும் போர்வைகளாயின. 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. 2006இல் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் ஏறின.

இனிச் செய்முறை. பருத்தியைப் பருத்தியோடு மட்டும் சேர்க்க வேண்டும். புதிய துண்டுகளை முதலில் நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே அவை சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். சாயம் போகும் துணியை விலக்க வேண்டும். அடித்துணிக்குப் பழைய பருத்திப் புடைவையே ஏற்றது. பல சலவை கண்டதால் அது மென்மையாகவும் இருக்கும், இனிச் சுருங்கவும் செய்யாது. துண்டின் விளிம்பை உள்மடித்து, ஓட்டத் தையலால் எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தால் போதும்.

இப்போது நான் வலியுறுத்த வந்த செய்திக்கு வருகிறேன். இத்தகைய போர்வைக்கு விலை கேட்கும்போது, "துணிதான் இனாமாயிற்றே, நூலுக்கு மட்டும்தானே செலவு?" என்று பேரம் பேசுகிறோம். ஒரு கணக்குப் போடுங்கள். ஆறடி நீளம், நான்கடி அகலமுள்ள போர்வையில் அங்குலத்திற்கு ஒரு வரிசையாகத் தைத்தால் 48 வரிசைகள் வரும். மொத்த நீளம் 288 அடி. அங்குலத்திற்கு நான்கு தையல் என்றால் ஏறத்தாழ 13,800 முறை ஊசி ஏறி இறங்க வேண்டும். துணி மிச்சமாக வந்தது உண்மை. அந்த உழைப்பு மிச்சமாக வந்ததா? வீட்டுப் பெண்களின் வேலைக்குக் கணக்கே போடாமல் பழகிவிட்ட நம் மனம், ஏழைப் பெண் ஒருத்தி தைத்துத் தரும்போதும் அதே கண்ணோடு பார்க்கிறது. விலை கட்டாத தொழிலை எந்தத் தாயும் மகளுக்குக் கற்பிக்க மாட்டாள். முதியவர்களின் விரல்களோடு அது மறைந்துபோகும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தையற்கடையோ துணிக்கடையோ வைத்திருப்போர் பருத்திக்கு ஒரு பை, செயற்கை இழைக்கு ஒரு பை எனப் பிரித்து வைத்து, தைக்கும் பெண்களுக்குப் பருத்திப் பையைக் கொடுங்கள். போர்வை தைக்கச் சொல்வோர், வேலை தொடங்கும் முன்பே நாள் கணக்கில் கூலியைப் பேசி முடிவு செய்யுங்கள். மூன்றாவது நம் அறக்கட்டளைக்கு: மேடையில் எங்களைப் போன்றோருக்குப் போர்த்தும் சரிகைப் பொன்னாடை வீட்டில் எதற்கும் பயன்படாமல் அலமாரியில் கிடக்கிறது. அடுத்த ஆண்டு அதற்கு மாற்றாக, உரிய விலை கொடுத்து வாங்கிய ஓர் ஒட்டுத்துணிப் போர்வையைப் போர்த்துங்கள். மார்கழிக் குளிருக்கு அது உதவும். தைத்தவர் வீட்டு அடுப்புக்கும் உதவும்.