ஒரு குடும்ப அட்டை, இரண்டு அடுப்புகள்

ஊர் விட்டு ஊர் குடிபெயரும்போது நாம் எவற்றை எடுத்துச் செல்கிறோம்? பாத்திரம் பண்டங்களை எடுத்துச் செல்கிறோம்; பாய் தலையணைகளை எடுத்துச் செல்கிறோம்; பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளை மறவாமல் எடுத்துச் செல்கிறோம். ஆனால், ஓர் உரிமையை எடுத்துச் செல்ல முடியுமா? அதுவும், உண்ணும் சோற்றின்மேல் உள்ள உரிமையை? இவ்வினாவிற்கு விடை காண எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைப்பற்றியே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1979-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பத்து வயது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து வந்தார். ஆலை மூடப்பட்டது. பிழைப்பு நாடிக் கோயம்புத்தூருக்குச் சென்றோம். பாட்டியார் மட்டும், "இந்தத் திண்ணையை விட்டு நான் எங்கும் வரமாட்டேன்" என்று சொல்லி ஊரிலேயே தங்கிவிட்டார்.

எங்களிடம் இருந்த குடும்ப அட்டை ஒன்றே ஒன்று. அந்நாளில் அதை 'ரேஷன் கார்டு' என்றே எல்லோரும் சொல்வோம். அதில் எங்கள் நால்வர் பெயரும் பாட்டியார் பெயரும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு அன்னையார் கோவையில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கடைக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். கடைக்காரர் கடிந்து பேசவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது உங்கள் ஊர்க் கடைக்கு உரிய அட்டை. என் பேரேட்டில் உங்கள் பெயர் இல்லையே!" என்று கூறித் திருப்பிக் கொடுத்தார்.

பழைய ஊரில் அட்டையை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். புதிய ஊரில் முகவரிக்குச் சான்று காட்டிப் புதிய அட்டை கேட்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகைச் சீட்டு எழுதித்தர இசையவில்லை. அன்றியும், அட்டையை ஒப்படைத்துவிட்டால் ஊரில் தனித்திருக்கும் பாட்டியாருக்கு அரிசி நின்றுபோகுமே! ஆதலின், அட்டை பாட்டியாரிடமே திரும்பிச் சென்றது. எங்கள் பங்கையும் அவர் வாங்கி வைப்பது என்றும், தந்தையார் மாதம் ஒருமுறை சென்று எடுத்து வருவது என்றும் ஏற்பாடாயிற்று. இரண்டு மாதங்கள் அவ்வாறு நடந்தது. பேருந்துக் கட்டணத்தையும் இழந்த நாட்கூலியையும் கூட்டிப் பார்த்தபோது, வெளிக்கடையில் வாங்குவதே மலிவு என்று தெரிந்தது. வெளிக்கடையிலேயே வாங்கினோம், அளவு குறைந்தது. இரவில் அன்னையார் வடித்த கஞ்சியில் உப்பிட்டுப் பருகிவிட்டு, "வயிற்றுக்கு இதுதான் நல்லது" என்பார். அதை நெடுநாள் நான் மருத்துவம் என்றே எண்ணியிருந்தேன்.

இதில் கடைக்காரரைக் குறை கூறுதல் முறையன்று. அன்றைய அமைப்பு அத்தகையது. 1943-இல், போரும் வங்கப் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலத்தில், நம் பெருநகரங்களில் உணவுப் பங்கீடு காலூன்றியது. ஒரு கடையில் எத்தனை அட்டைகள் பதிவாகியுள்ளனவோ, அத்தனைக்கே அக்கடைக்கு அரிசி வரும். ஒருவரே இரண்டு இடங்களில் வாங்காதபடி தடுப்பதற்கும் அந்தப் பேரேடு ஒன்றே காவல். எனவே, அட்டை கடையோடு பிணைக்கப்பட்டது. கடை ஊரோடு பிணைக்கப்பட்டது. மனிதனின் பசியும் அவனுடைய முகவரியோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்திய உணவுக் கழகம் 1965-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது எங்கள் தஞ்சாவூரில்தான். தானியத்தைக் கொள்முதல் செய்து நாடெங்கும் கொண்டு சேர்ப்பதே அதன் பணி. நெல் பயணம் செய்ய வழி பிறந்தது. அந்த நெல்லைச் சுமந்த தொழிலாளியின் உரிமைக்கோ, கோவை வரை செல்லவும் வழி பிறக்கவில்லை.

2013-ஆம் ஆண்டு, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர் மக்களில் 75 விழுக்காடு வரையிலும், நகர மக்களில் 50 விழுக்காடு வரையிலும் அதன் பயனைப் பெறலாம். முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். மிக வறிய அந்தியோதயக் குடும்பங்களுக்குக் குடும்பத்திற்கு 35 கிலோ. அதுவரை அரசின் உதவியாக இருந்தது, குடிமகனின் சட்ட உரிமையாயிற்று. ஆயினும், உரிமை ஊரிலேயே தங்கிவிட்டது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது அதன் விளைவை நாடே கண்டது. நகரங்களைக் கட்டியெழுப்பிய தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தார்கள். அவர்களுள் பலருக்கு ஊரில் அட்டை இருந்தது. நின்ற இடத்தில் அரிசி இல்லை.

அதற்கு முன்பே ஒரு முயற்சி தொடங்கியிருந்தது. 2019 ஆகஸ்டில் ஆந்திரமும் தெலங்கானாவும் ஓர் இணையாகவும், குசராத்தும் மகாராட்டிரமும் மற்றோர் இணையாகவும், ஒரு மாநில அட்டைக்கு மற்றதில் தானியம் வழங்கத் தொடங்கின. 'ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை' என்பது அத்திட்டத்தின் பெயர். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் 2021 சூலை 31-க்குள் இதனை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 சூன் 29-இல் ஆணையிட்டது. 2022 சூனில் அசாமும் சேர, திட்டம் நாடு முழுவதும் பரவியது.

இது இயங்கும் முறை எளிது. பழைய பேரேட்டின் இடத்தில் இன்று கடைதோறும் ஒரு விற்பனைக் கருவி உள்ளது. அட்டையின் எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லிக் கைரேகை பதித்தால், அக்குடும்பத்தின் அம்மாதக் கணக்கு அதில் தெரியும். வாங்கியது கழியும், எஞ்சியது நிற்கும். பீகாரிலிருந்து வந்து திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகத்தில் உழைக்கும் ஒருவர் தம் பங்கை இங்கே வாங்கலாம். எஞ்சியதை அவர் தாயார் அங்கே வாங்கலாம். ஓர் அட்டை இரண்டு அடுப்புகளை எரிக்கிறது. இச்செய்தியை முதன்முதலில் படித்த அன்று நான் என் பாட்டியாரை நினைத்துக்கொண்டேன்.

எனினும், குறைகள் நீங்கிவிட்டன என்று கூற மாட்டேன். செங்கல்லும் சுண்ணாம்பும் தேய்த்த விரலில் ரேகை பதிவதில்லை. ஆதார் எண் இணையாத அட்டை வெளியூரில் பயன்படாது. மாநில அரசு தன் செலவில் தரும் பருப்பும் எண்ணெயும் மாநில எல்லையைத் தாண்டா. இன்னொன்றும் உண்டு. நம் மாநிலத்தில் அரிசி பெறும் எல்லா அட்டைகளும் தேசியச் சட்டத்தின்கீழ் வருவன அல்ல. முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதய அட்டைக்கும் பெங்களூரிலும் தானியம் கிடைக்கும். முன்னுரிமையற்ற குடும்பத்தின் அட்டைக்குக் கிடைக்காது. இவ்வகைக் குறியீடு அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

மாணவர்களே! இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் குடும்ப அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது எந்த வகை, அதில் யார் யார் பெயர் உள்ளது, ஆதார் எண்கள் இணைந்துள்ளனவா என்று அறியுங்கள். மணமாகிச் சென்ற அக்காளின் பெயர் இன்னும் உங்கள் அட்டையிலேயே இருக்குமானால், அதை நீக்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க உதவுங்கள். அவர் எங்குச் சென்றாலும் அவர் பங்கு உடன் செல்ல வேண்டுமல்லவா? உங்கள் தெருவில் கட்டடம் எழுப்பும் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பின், இத்திட்டத்தைப்பற்றி அவரிடம் சொல்லுங்கள். மொழி தெரியாதெனில், உடன் சென்று கடையைக் காட்டுங்கள். கடைக்காரர் தயங்கினால், பணிவோடும் உறுதியோடும் எடுத்துரையுங்கள்.

சட்டம் எழுதியவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். கருவி அமைத்தவர்களும் செய்தார்கள். தெரியாத ஒருவருக்குத் தெரிவிக்கும் கடமையோ நம்முடையது. அன்று கோவைத் தெருவில் கடையிலிருந்து வெறும் பையுடன் திரும்பிய என் அன்னையாருக்கு வழி சொல்ல யாருமில்லை. சொல்வதற்கு ஒரு வழியும் இல்லை. இன்று வழி இருக்கிறது. சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.